குறைமாதக் குழந்தைகளுக்குத் தொப்பி: புது வீட்டில் பழைய மிஷின்

நெய்வேலி குவார்ட்டர்ஸில் 31 வருஷம் இருந்தோம். எங்க வீட்டுக்காரர் மே மாதம் ஓய்வு பெற்றார். டவுன்ஷிப் வீடு வேலை இருக்கும்வரைதான் நம்முடையது, அது சேர்ந்த நாளிலிருந்தே தெரியும். இருந்தாலும் கொல்லைப்புறத்து முருங்கையையும் இரண்டு பலா மரங்களையும் விட்டுவிட்டுக் கிளம்பும்போது மனசு கேட்கவில்லை. ஆடியில் குடிபோகக் கூடாது என்று என் மாமியார் உறுதியாகச் சொல்லிவிட்டார். ஆவணி முதல் வாரம் திருவானைக்காவலில் பால் காய்ச்சினோம். இரண்டு படுக்கையறை, ஒரு ஹால், பின்னால் துணி துவைக்க ஒரு சின்ன நடை. அவ்வளவுதான் வீடு.

சாமான்களில் பாதியை அங்கேயே கொடுத்துவிட்டு வந்தோம். கட்டில், பீரோ, தானியம் கொட்டி வைக்கும் தகரப் பீப்பாய், பிள்ளைகளின் பழைய மேஜை எல்லாம் போயிற்று. தையல் மிஷின் மட்டும் வந்தே ஆக வேண்டும் என்று நான் நின்றுவிட்டேன். 1986-இல் வாங்கிய உஷா கறுப்பு மிஷின், காலால் மிதிப்பது. பிள்ளைகளின் பள்ளிச் சீருடை, வீட்டுத் திரைச்சீலை, தலையணை உறை எல்லாம் அதில்தான் தைத்தேன். ஓய்வுக்கு அப்புறம் தினம் இரண்டு மணி நேரமாவது யாருக்காவது உபயோகமாக அதை ஓட்ட வேண்டும் என்று நினைத்திருந்தேன். யாருக்கு, என்ன தைப்பது என்றெல்லாம் அப்போது யோசிக்கவில்லை.

வண்டியில் வந்த மிஷின் ஓடவில்லை. அதைச் சரி செய்த விதத்தை முதலில் எழுதிவிடுகிறேன். வீடு மாற்றுகிற யாருக்காவது பயன்படும்.

முதல் தவறு எங்களுடையது. தலைப்பகுதியைக் கழற்றாமல், ஸ்டாண்டோடு சேர்த்துக் கயிற்றால் கட்டி வண்டியில் சாய்த்து வைத்தோம். விருத்தாசலம் தாண்டி வழி முழுக்க அது குலுங்கியிருக்கிறது. இறக்கிப் பார்த்தால் தலையைப் பலகையோடு பிடிக்கும் இரண்டு கீல் திருகுகளும் தளர்ந்து, தலை ஆடியது. பெடலையும் பெரிய சக்கரத்தையும் இணைக்கும் கம்பியின் நட்டும் பாதி கழன்றிருந்தது. மிதித்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் டக் டக் என்று சத்தம். இனி யாராவது மிஷினை இடம் மாற்றினால், கீல் திருகைத் தளர்த்தித் தலையைத் தனியே எடுத்துப் போர்வையில் சுற்றிப் பெட்டியில் வையுங்கள். பெல்ட்டைக் கழற்றிவிடுங்கள். பாபின் கேஸ் (அடி நூல் சுற்றிய உருளை உட்காரும் கூடு), ஊசி இரண்டையும் எடுத்து ஒரு டப்பாவில் போட்டுக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிஷ வேலை.

திருகுகளை இறுக்கியதும் டக் டக் சத்தம் நின்றது. ஆனால் சக்கரம் கனமாகச் சுற்றியது. அதற்குக் காரணம் நான்தான். நெய்வேலியில் மிஷின் எண்ணெய் தீர்ந்த நாள்களில் தேங்காய் எண்ணெய் விட்டிருக்கிறேன். அது நாளாக நாளாகப் பிசினாகிக் கெட்டியாகிவிடும். தினமும் ஓட்டும்வரை தெரியவில்லை. மூட்டை கட்டி இரண்டு மாதம் சும்மா வைத்ததும் இறுகிவிட்டது. எங்க வீட்டுக்காரர் பணிமனையில் ஃபிட்டராக இருந்தவர். எங்கிருந்தோ ஒரு சின்ன பாட்டில் மண்ணெண்ணெய் வாங்கி வந்தார். எண்ணெய் விடும் ஓட்டைகள் ஒவ்வொன்றிலும் இரண்டு சொட்டு விட்டு, நூல் கோர்க்காமல் கையால் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி, ஒரு ராத்திரி அப்படியே வைத்தோம். அடுப்பும் விளக்கும் இல்லாத பின் நடையில்தான் இந்த வேலை. காலையில் காப்பிப் பொடி நிறத்தில் அழுக்கு வழிந்திருந்தது. துடைத்துவிட்டு மறுபடி அதே வேலை. மூன்றாம் நாள் தெளிவாக வந்தது. அப்புறம்தான் மிஷின் எண்ணெய் விட்டோம். மண்ணெண்ணெய் அழுக்கைக் கரைக்கும், ஆனால் உராய்வைத் தாங்காது. எண்ணெய் விடாமல் ஓட்டினால் இரும்பு தேய்ந்துவிடும்.

ஊசிக்குக் கீழே இருக்கும் தகட்டைக் கழற்றினேன். துணியை நகர்த்தும் பற்களுக்கு இடையில் பஞ்சு அடைத்துக் கம்பளி மாதிரி ஆகியிருந்தது. பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் எடுத்தேன்.

பெல்ட் இன்னொரு பாடு. பழைய தோல் பெல்ட் நீண்டுபோய்ச் சக்கரத்தில் வழுக்கியது. அவர் இரண்டு விரல்கடை வெட்டிக் கொக்கி போட்டார். பெடல் கல்லாகிவிட்டது, காலை வைத்தால் அசையவில்லை. வெட்டியதை ஒட்ட முடியாது. மறுநாள் புது பெல்ட் வாங்கி, ஒரு விரல்கடையைவிடக் குறைவாக வெட்டி, ஓட்டிப் பார்த்து, மறுபடி கொஞ்சம் வெட்டினோம். விரலால் அழுத்தினால் லேசாக உள்ளே போக வேண்டும், அந்த அளவு சரி. புதுத் தோல் ஒரு மாதத்தில் மறுபடி நீளும், அப்போது இன்னொரு முறை வெட்டிக்கொள்ளலாம்.

நான் எதிர்பார்க்காத ஒன்று தரை. குவார்ட்டர்ஸில் சிமெண்டுத் தரை, மிஷின் நின்ற இடத்தில் நிற்கும். இங்கே வழவழ டைல்ஸ். வேகமாக மிதித்தால் ஸ்டாண்டு மெல்ல மெல்ல முன்னால் நகர்ந்து சுவரில் போய் முட்டியது. பழைய சைக்கிள் டியூபை நான்கு துண்டாக வெட்டி, இரண்டாக மடித்துக் கால்களுக்கு அடியில் வைத்தோம். நகர்வதும் நின்றது, சத்தமும் பாதியானது. கீழ் வீட்டுக்காரர்களுக்கும் தொந்தரவு இல்லை.

எங்கே போடுவது என்பதில் ஒரு வாரம் போயிற்று. படுக்கையறையில் வெளிச்சம் பின்னாலிருந்து வந்து என் நிழலே துணிமேல் விழுந்தது. பின் நடையில் நல்ல வெளிச்சம், ஆனால் சாரல் அடிக்கும். கடைசியில் ஹாலின் கிழக்கு ஜன்னல் இடது கைப்பக்கம் வரும்படி போட்டோம். ஊசி இருப்பது தலையின் இடது கோடியில், அதனால் அந்தப் பக்கத்திலிருந்துதான் வெளிச்சம் வர வேண்டும். டி.வி. வைக்க நினைத்திருந்த இடம் அது. டி.வி. இன்னும் அட்டைப் பெட்டியில்தான் இருக்கிறது. மிஷின் வந்து உட்கார்ந்த அன்றுதான் இந்த வீடு எனக்கு வீடாகத் தெரிந்தது.

இத்தனைக்கும் பிறகு ஒரு கந்தைத் துணியில் தைத்துப் பார்த்தால், அடியில் நூல் கொத்துக் கொத்தாக விழுந்தது. பாபின் கேஸின் குட்டித் திருகை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டே இருந்தேன். மேலும் கெட்டதுதான் மிச்சம். தெருக்கோடியில் முப்பது வருஷமாகக் கடை வைத்திருக்கும் டெய்லர் பாயிடம் போய்ச் சொன்னேன். "அம்மா, நூல் அடியில கொத்தா விழுந்தா அடியில பாக்காதீங்க, மேல பாருங்க. மேல் நூல் பிடிமானம் இல்லாம ஓடுது, அதான் கீழ போய்ச் சேருது" என்றார். அடி நூல் மேலே வந்து புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அதற்கு எதிரான கோளாறு என்றும் சொல்லிக்கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து பார்த்தேன். மேல் நூலை அழுத்திப் பிடிக்கும் இரண்டு வட்டத் தகடுகளுக்கு நடுவே பழைய நூல் துண்டு ஒன்று சிக்கி, தகடுகள் மூடவே இல்லை. துணியை அழுத்தும் பாதத்தைத் தூக்கிவிட்டால் அந்தத் தகடுகள் விலகும். அந்த நேரத்தில் மண்ணெண்ணெயில் நனைத்த துணிக் கீற்றை நடுவில் விட்டு முன்னும் பின்னும் இழுத்தேன், வந்துவிட்டது. நூல் கோர்க்கும்போதும் பாதம் மேலே தூக்கியிருக்க வேண்டும், அப்போதுதான் நூல் தகடுகளுக்குள் சரியாக உட்காரும். ஊசியையும் புதிதாக மாற்றினேன். ஊசியில் நீளமாகப் பள்ளம் ஓடும் பக்கத்திலிருந்துதான் நூல் உள்ளே நுழைய வேண்டும். மாற்றிப் போட்டால் தையல் விழாது. அன்று சாயங்காலம் வெள்ளைத் துணியில் கறுப்பு நூலால் பத்து வரி அடித்தேன். இருபுறமும் ஒரே மாதிரி. அந்தத் துண்டைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

இனி, என்ன தைத்தேன் என்பது.

மேல் வீட்டு அம்மா அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் பேசியதில் பச்சிளங் குழந்தைகள் பிரிவு பற்றித் தெரிந்தது. எடை குறைந்து பிறக்கும் குழந்தைகளைத் தாயின் நெஞ்சோடு தோல்மேல் தோல் படும்படி அணைத்துக் கட்டி வைப்பார்களாம். கங்காரு முறை என்று பெயர். கொலம்பியாவின் பொகோட்டா நகரில் 1978-இல் எட்கார் ரேய் என்ற டாக்டர் தொடங்கியது. இன்குபேட்டர் போதாத மருத்துவமனையில், தாயின் உடம்புச் சூட்டையே பயன்படுத்தலாம் என்று யோசித்திருக்கிறார். இப்போது இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளுக்கும் குறைமாதக் குழந்தைகளுக்கும் பிறந்த உடனே தொடங்கி, ஒரு நாளைக்கு 8 மணி நேரத்திலிருந்து 24 மணி நேரம் வரை, முடிந்த அளவு இப்படி வைத்திருக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்தக் குழந்தைகளுக்குத் தோலுக்கடியில் கொழுப்பு ரொம்பக் குறைவு, சூட்டைப் பிடித்து வைக்கத் தெரியாது. உடம்போடு ஒப்பிட்டால் தலை பெரிது, சூடு அது வழியாக நிறையப் போகும். அதனால் தொப்பி வேண்டும். நெஞ்சு திறந்த கையில்லாச் சட்டை வேண்டும். குழந்தையைத் தாயோடு சேர்த்துக் கட்டத் துணி வேண்டும்.

கேட்டதும் உற்சாகத்தில், யாரையும் கேட்காமல் பத்து சட்டை தைத்துவிட்டேன். ரோஜா நிறப் பாப்ளின், கழுத்தில் லேஸ், முன்னால் சின்னப் பொத்தான், கைக்கு உறை. மேல் வீட்டு அம்மாவோடு போய்க் கொடுத்தேன். அந்தப் பிரிவு சிஸ்டர் ரொம்பப் பொறுமையாக ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். பொத்தான் கழன்று வாய்க்குப் போகலாம். லேஸ் தோலைக் கீறும், இந்தப் பிள்ளைகளின் தோல் ஈரக் காகிதம் போல. உள்பக்கத் தையல் நெஞ்சில் அழுத்தும். கை உறைக்குள் தளர்ந்து கிடக்கும் ஒரே ஒரு நூல், பிஞ்சு விரலைச் சுற்றி இறுக்கினால் ரத்த ஓட்டமே நின்றுவிடும், வெளியே யாருக்கும் தெரியாது. கடைசியாகச் சொன்னதைக் கேட்டு எனக்குக் கை நடுங்கியது. அந்த உறைகளை அங்கேயே வாங்கிக்கொண்டு வந்து குப்பையில் போட்டேன்.

தலைச் சுற்றளவு 28, 31, 34 சென்டிமீட்டர் என்று மூன்று அளவு எழுதிக்கொடுத்தார். 28-ஐ டேப்பில் சுற்றிப் பார்த்தேன். ஒரு பெரிய சாத்துக்குடியைவிடச் சற்றுத்தான் பெரிது.

தொப்பிக்குப் பனியன் துணிதான் சரி, இழுத்தால் விரியும், தலையோடு ஒட்டும். பேரன்களின் பழைய பருத்தி டி-ஷர்ட்டுகளில் ஆரம்பித்தேன். இதில் ஒரு சுலப வழி கிடைத்தது. டி-ஷர்ட்டை அப்படியே மேஜையில் விரித்தால் இரண்டு அடுக்குத் துணி தயார், கீழ் ஓரம் ஏற்கெனவே மடித்துத் தைத்திருக்கிறது. அட்டையில் பாதித் தேங்காய் மூடி வடிவில் ஓர் அச்சு வெட்டி, அதன் நேர் விளிம்பை டி-ஷர்ட்டின் கீழ் ஓரத்தில் பொருத்தி வெட்ட வேண்டும். அச்சின் அகலம் தலைச் சுற்றளவில் பாதியோடு ஒரு சென்டிமீட்டர். 28-க்கு 15, 31-க்கு 16.5, 34-க்கு 18. தையலுக்கு இரு பக்கமும் ஒவ்வொரு சென்டிமீட்டர் போனால் தொப்பி தலையைவிட 2 சென்டிமீட்டர் சின்னதாக வரும். விரிந்து பிடித்துக்கொள்ள அதுதான் வேண்டும். உயரம் சின்ன அளவுக்கு 17. வளைவில் ஒரே தையல், அவ்வளவுதான். திருப்பிப் போடக் கூடாது. தையல் விளிம்பு வெளியிலேயே இருக்கட்டும், குழந்தையின் தலையில் வழவழப்பான பக்கம்தான் பட வேண்டும். பார்க்க அழகில்லைதான், ஆனால் இதுதான் சரியான முறை. கீழ் ஓரத்தை இரண்டு விரல்கடை வெளியே மடித்துவிட்டால் அந்த மடிப்புத் தையலும் நெற்றியில் உறுத்தாது, தலை வளர வளர இறக்கியும் விடலாம்.

பனியன் துணி என் மிஷினில் முதலில் படாத பாடு படுத்தியது. நாலு தையலுக்கு ஒன்று விட்டுப் போகும். டெய்லர் பாய்தான் இதற்கும் வழி சொன்னார். முனை உருண்ட ஊசி தனியாகக் கிடைக்கிறது, அது இழையைக் குத்தாமல் விலக்கிக்கொண்டு போகும். 11-ஆம் நம்பர் வாங்கினேன். பாதத்தின் அழுத்தத்தையும் மேலே உள்ள திருகைத் தளர்த்திக் குறைத்தேன். நேர்த் தையல் மட்டும் போடும் மிஷின் என்பதால், தொப்பியை இழுத்தால் நூல் பட்டென்று அறுந்தது. மேல் நூலின் இறுக்கத்தைக் கொஞ்சம் குறைத்து, தைக்கும்போது துணியை முன்னும் பின்னும் லேசாக இழுத்துப் பிடித்தபடி அடித்தால் தாங்குகிறது. இழுத்துப் பிடிக்கும் அளவு பழகத்தான் வரும். அதிகம் இழுத்தால் ஊசி வளையும். எனக்கு ஏழு தொப்பி வீணானது.

கட்டுத் துணிக்குப் பழைய பருத்திப் புடவைகளை விட்டால் வேறு எதுவும் ஈடில்லை. பிறந்த பிள்ளையைப் பழந்துணியில் ஏந்துவதுதானே நம் வழக்கம், புதுசு உறுத்தும் என்று பாட்டி சொல்வார். உலக சுகாதார நிறுவனத்தின் 2003 வழிகாட்டியிலும் ஏறக்குறைய ஒரு மீட்டர் சதுர மெல்லிய துணி, மூலைக்கு மூலை மடித்துக் கட்டுவது என்றுதான் இருக்கிறது. ஐந்தரை மீட்டர் புடவையில் ஐந்து துண்டு வரும். இரு பக்கமும் கரை இருப்பதால் வெட்டிய இரண்டு பக்கம் மட்டும் மடித்து அடித்தால் போதும். ஆனால் புடவையை முதலில் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். தரையில் தேய்ந்த கீழ்க்கொசுவப் பகுதி சல்லடையாக இருக்கும், அது குழந்தையின் பாரத்தைத் தாங்காது. அந்தப் பகுதி இருந்தால் ஐந்து மூன்றாகிவிடும், பரவாயில்லை. ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துச் சாயம் ஒட்டினால் அந்தப் புடவையே வேண்டாம்.

சட்டைக்கு அவருடைய பழைய மல் வேஷ்டிகள். பக்கத் தையலே வராமல் ஒரே துண்டாக வெட்டி, தோளில் மட்டும் இரண்டு தையல். முன்னால் கட்ட அதே துணியில் இரண்டு ஜோடி நாடா, நீளம் 12 சென்டிமீட்டருக்கு மேல் கூடாது, கழுத்தில் சுற்றக் கூடாது பாருங்கள். நாடா வேர்பிடிக்கும் இடத்தில் நாலு முறை முன்னும் பின்னும் அடித்துவிடுகிறேன். வேஷ்டி தீர்ந்து ஒரு முறை பெரிய கடைவீதியில் புது மல் வாங்கினேன். துவைக்காமல் வெட்டியதில் ஆறு சட்டை கொதிநீர் அலசலில் சுருங்கித் திரும்பி வந்தன. புதுத் துணி என்றால் இரண்டு முறை சுடுநீரில் அலசிக் காயவைத்த பிறகுதான் கத்திரி வைக்க வேண்டும், கஞ்சியும் போகும், சுருங்க வேண்டியதும் சுருங்கிவிடும்.

நூல் நறுக்கும் வேலை எங்க வீட்டுக்காரருடையது. ஓய்வு பெற்ற முதல் மாதம் என்ன செய்வதென்று தெரியாமல் வாசலுக்கும் ஹாலுக்கும் நடந்துகொண்டிருந்தார். இப்போது தினம் காலை பேப்பர் படித்து முடித்ததும் பூதக்கண்ணாடியும் சின்னக் கத்திரியுமாக உட்கார்ந்துவிடுவார். ஒவ்வொன்றையும் உள்ளும் புறமும் திருப்பி, விரல் விட்டுத் தடவிப் பார்த்து, ஒரு நூல் நுனி நீட்டிக்கொண்டிருந்தால்கூட என் பக்கம் திருப்பி அனுப்புகிறார். "இது பாஸ் இல்லம்மா" என்பார். பணிமனைக் குரல் அப்படியே இருக்கிறது. பனியன் துணி தீர்ந்தபோது அவர்தான் வழி சொன்னார். பணிமனையில் எண்ணெய்க் கை துடைக்க பனியன் வேஸ்ட் மூட்டை மூட்டையாக வருமே, அது திருப்பூர்த் துணிதானே என்றார். காந்தி மார்க்கெட் பக்கம் கிலோ கணக்கில் கிடைத்தது. கையகலத் துண்டுகள்தான் நிறைய, பொறுக்கினால் கிலோவுக்குப் பத்துப் பன்னிரண்டு தொப்பி தேறும். ஓரம் மட்டும் நாமே மடித்து அடிக்க வேண்டும்.

மூன்று மாதத்தில் 64 தொப்பி, 22 சட்டை, 31 கட்டுத் துணி கொடுத்திருக்கிறோம். தொப்பி ஒன்றுக்கு 12 நிமிஷம் ஆகிறது, சட்டைதான் முக்கால் மணி இழுக்கிறது. துவைத்து, நல்ல வெயிலில் காயவைத்து, அளவு வாரியாகச் சுத்தமான பையில் கட்டிக் கொடுத்தால், அவர்கள் மறுபடி கொதிநீரில் போட்டுத்தான் உபயோகிக்கிறார்கள்.

போன மாதம் பை கொடுக்கப் போனபோது, வார்டுக்கு வெளியே நாற்காலியில் ஒரு பெண் சாய்ந்து கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். இருபது வயதுதான் இருக்கும். அவள் நெஞ்சில் கட்டியிருந்தது என் அரக்கு நிறச் சுங்குடிப் புடவை. என் மூத்தவன் பிறந்தபோது தூளி கட்டிய புடவை. துணிக்கு மேலே ஒரு சாம்பல் நிறத் தொப்பியின் நுனி மட்டும் தெரிந்தது. நான் பேச்சுக் கொடுக்கவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு வந்தேன்.

மார்கழி வருகிறது, இரண்டு அடுக்குத் தொப்பி கிடைக்குமா என்று சிஸ்டர் கேட்டிருக்கிறார். 40 வெட்டி வைத்திருக்கிறேன். நான்கு மடிப்புப் பனியன் துணிக்கு 11-ஆம் நம்பர் ஊசி திணறுகிறது, உருண்ட முனையிலேயே 14 வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன். பெல்ட்டும் லேசாக வழுக்க ஆரம்பித்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அரை விரல்கடை வெட்ட வேண்டும்.